முந்நூற்றுப் பத்து டன்

திரியெஸ்தே,
6 பிப்ரவரி 1983

அன்புள்ள ஒந்தீனா அண்ணிக்கு,

நெரேயோ எழுதுவது. இடுப்பைத் தவிர என் உடம்பில் மற்ற எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? நீவெஸுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் இரவுப் பணிதானா? இங்கே மூன்று நாளாகப் போரா காற்று. எதிர்வீட்டுக்காரரின் தொப்பி துறைமுகம் வரை போய்விட்டது, அவரும் பின்னாலேயே போனார்.

எங்கள் மாதிரிக் கப்பல் சங்கத்தில் அக்டோபர் கண்காட்சிக்கு இந்த முறை ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ‘நடக்காத கப்பல்கள்’ என்று பெயர். உண்மையில் இருந்த ஒரு போர்க்கப்பலை எடுத்துக்கொண்டு, அதை வேறு வகைக் கப்பலாக மாற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று செய்து காட்ட வேண்டும். சும்மா கற்பனைக்கு இடமில்லை. கூடவே ஒரு பக்கத்தில் அந்தக் கப்பலின் பொய்ச் சரித்திரமும், தனியாக ஒரு எடைக் கணக்கும் கொடுக்க வேண்டும். இரும்பு எங்கிருந்து வந்தது, எந்தத் துறையில் எத்தனை மாதம் நின்றது என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் குடைவார்கள். பதில் வரவில்லையென்றால் மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் ‘திமாவோ’வை எடுத்திருக்கிறேன். அதை விமானம் தாங்கிக் கப்பலாக மாற்றப் போகிறேன். புரூனோ அண்ணனைக் கொண்டுபோன கப்பலையா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அங்குலம் அங்குலமாக அறிந்த க்ரூஸர் போர்க்கப்பல் அது ஒன்றுதான், அதனால்தான். வேறு எதுவும் இல்லை.

பின்தளத்தில் பளுதூக்கிக்குப் பக்கத்தில் அண்ணன் நிற்கிற படம் உங்களிடம் இருக்குமே. அதன் நகல் கிடைத்தால் பளுதூக்கியின் அளவு எனக்குப் பிடிபடும்.

நீவெஸுக்கு என் அன்பு.

உங்கள் கொழுந்தன்,
நெரேயோ


மெல்போர்ன்,
9 மார்ச் 1983

அன்புள்ள தம்பி நெரேயோவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீடெல்லாம் தக்காளி. பக்கத்துத் தெரு திரியெஸ்தேக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து எண்பது புட்டி சாறு காய்ச்சினோம். கை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. என் ரத்த அழுத்தம் டாக்டருக்குத்தான் கவலை, எனக்கில்லை. உன் இடுப்புக்கு அந்தச் செங்கல் ஒத்தடத்தை விட்டுவிடாதே.

படத்தின் நகல் இதோடு இருக்கிறது. நீவெஸ்தான் எடுத்துக் கொடுத்தாள். “நாப்பது வருஷமா சித்தப்பா பொம்மைக் கப்பல்தான் செய்யறாரா? அலுக்கவே அலுக்காதா அவருக்கு?” என்று கேட்டாள். படத்தில் பளுதூக்கி பாதிதான் தெரிகிறது. புரூனோவின் சிரிப்பு முழுசாகத் தெரிகிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை. இருந்த கப்பலைச் செய்கிறீர்கள், சரி. இல்லாத கப்பலை எதற்குச் செய்ய வேண்டும்? அது மிதக்கவும் மிதக்காது, மூழ்கவும் மூழ்காது. உனக்கு நேரம் போக வேண்டுமென்றால் நல்லதுதான். ஆனால் நூறு கப்பல் இருக்க அதைப் போய் எடுத்தாயே என்று மனசுக்கு என்னவோ போலிருந்தது. கோபமில்லை, சொல்லி வைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தனி ஆள் என்று ரொட்டியும் காப்பியுமாக ஓட்டாதே.

அன்புடன்,
ஒந்தீனா


திரியெஸ்தே,
24 ஏப்ரல் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

படம் கிடைத்தது, நன்றி. சாறு காய்ச்சிய களைப்பு தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை.

வேலை ஓடுகிறது. இருநூறில் ஒரு பங்கு அளவு. உடல் பகுதியைப் பேரிக்காய் மரத்தில் செதுக்கி முடித்தேன். நான்கு பீரங்கிக் கூண்டுகளையும் எடுத்துவிட்டு, மேலே முழு நீளத்துக்கு விமான ஓடுதளம் போட்டிருக்கிறேன். புகைபோக்கிகளை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டியிருந்தது. துல்லியோவை உங்களுக்குத் தெரியாது. எங்கள் கப்பல் கட்டும் பட்டறையில் ஆணியடிப்புப் பிரிவில் இருந்தவன், வாயும் அதே வேலையைத்தான் செய்யும். பார்த்துவிட்டு, “யாரு வீட்டுச் சாப்பாட்டு மேசையடா இது? கப்பல் தலையில கவுத்து வச்சிருக்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொய்ச் சரித்திரம் பக்கத்தையும் எழுதிவிட்டேன். 1941 அக்டோபரில் திமாவோ மாற்று வேலைக்காகத் துறைக்குள் போகிறது, பதினெட்டு மாதம் கழித்து வெளியே வருகிறது. துல்லியோ விடவில்லை. “பதினெட்டு மாசம் கப்பல் நின்னா ஆளுங்கள சும்மா வச்சிருப்பானா? வேற கப்பலுக்கு மாத்திருப்பான்” என்றான். பீரங்கி ஆட்களை மாற்றுவார்கள், என்ஜின் ஆட்களை மாற்ற மாட்டார்கள், அவர்கள் கப்பலோடுதான் இருப்பார்கள் என்றேன். அதை ஒப்புக்கொண்டான்.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை, அண்ணி. அந்த வருஷம் எங்கள் வரைபட அறையிலேயே இதற்கு ஒரு திட்டம் போட்டோம். பிறகு கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில் எத்தனையோ திட்டங்கள்.

நீவெஸுக்கு என் அன்பு.

நெரேயோ


மெல்போர்ன்,
30 மே 1983

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனாலும் மாதங்களை எண்ணத் தெரியும். 1941 அக்டோபரிலிருந்து பதினெட்டு மாதம் என்றால் 1943 ஏப்ரல். திமாவோ மூழ்கியது 1942 மார்ச் பதினான்கு. நீ எழுதிய பொய்ச் சரித்திரத்தில் அந்த நாளில் கப்பல் நம் ஊர்த் துறையில் நிற்கிறது. புரூனோ என்ஜின் ஆள். மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு நடந்து வந்து ஸூப் கேட்டிருப்பான்.

நீ என்னவோ சொல்ல வருகிறாய் என்று தோன்றுகிறது. கைவிடப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். யார் கைவிட்டார்கள்? ஏன்? இப்படி ஒரு திட்டம் இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

ஒந்தீனா


திரியெஸ்தே,
28 ஜூன் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வெயில். கடற்கரைச் சாலையில் ஊரே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

ஓடுதளத்துக்கு மெல்லிய பலகைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய மீன் பசை வெயிலில் இளகி மூன்று பலகைகள் எழும்பிவிட்டன. சுரண்டி எடுத்து மறுபடி ஒட்ட ஒரு வாரம் ஆனது. இப்போது ஜெர்மன் பசை வாங்கியிருக்கிறேன், வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கிறது. சாம்பல் நிறத்தில் எது சரியான சாம்பல் என்று சங்கத்தில் இரண்டு வியாழக்கிழமையாகச் சண்டை. துல்லியோ தன் பழைய வேலைச் சட்டையைக் கொண்டுவந்து, அதிலிருந்த பெயின்ட் கறையைக் காட்டி ஜெயித்துவிட்டான். சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்ததற்கு அவன் மனைவியிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இடுப்புக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார். மற்றபடி சொல்லும்படியாக எதுவும் இல்லை.

நெரேயோ


மெல்போர்ன்,
20 ஜூலை 1983

நெரேயோ,

நலம். உன் கடிதத்தில் பசை இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது, துல்லியோவின் சட்டை இருக்கிறது. நான் கேட்டது இல்லை.

இன்னொரு தரம் கேட்கிறேன். யார் கைவிட்டார்கள்?

ஒந்தீனா


திரியெஸ்தே,
4 செப்டம்பர் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்கும்போது இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

1941 ஆகஸ்ட் கடைசியில் திமாவோ பழுதுபார்க்க வந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் ஆறு வாரம் வீட்டில் இருந்தான். அந்த நாட்களில்தான் ரோமில் இருந்த கடற்படைத் தலைமையிடமிருந்து எங்கள் அறைக்கு ஒரு கேள்வி வந்தது. எப்படியும் பழுதுபார்க்க நிற்கிற கப்பல், இதையே விமானம் தாங்கியாக மாற்ற முடியுமா, ஒரு வாரத்தில் சொல்லுங்கள் என்று. எடைக் கணக்கு என்னிடம் வந்தது. மேல்பாரம் அதிகமானால் கப்பல் பக்கக் காற்றில் கவிழும், அதனால் எதை எடுக்கிறோம், எதை ஏற்றுகிறோம் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். அதைச் சரிபார்க்க வேண்டிய மூத்தவரை ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது.

மேல்பாரம் மிகுதி, மாற்ற முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ரோமில் அதை ஏற்றுக்கொண்டார்கள். அக்டோபர் நான்காம் தேதி கப்பல் கிளம்பிவிட்டது.

என் கணக்கு தப்பு, அண்ணி. பீரங்கிக் கூண்டுகளின் எடையைக் கழித்தேன். ஒவ்வொரு கூண்டுக்கும் அடியில் கப்பலின் அடித்தட்டு வரை இறங்குகிற தடித்த இரும்பு உருளை உண்டு. கூண்டு போனால் அதுவும் போகும். நான்கு உருளைகள், முந்நூற்றுப் பத்து டன். அதைக் கழிக்கவில்லை. கழித்திருந்தால் முடியும் என்றுதான் வந்திருக்கும்.

இது இப்போது தெரிந்ததல்ல. 1946 ஜனவரியில் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள், அப்போது கண்ணில் பட்டது. அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன். நீவெஸ் உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உள்ள வா தம்பி, ஸூப் சூடா இருக்கு” என்றீர்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் கரி மூட்டை கொண்டுவந்து போட்டேன். அதன் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

போன வியாழக்கிழமை துல்லியோ மாதிரிக்காக நான் புதிதாகப் போட்ட எடைக் கணக்கை வரிவரியாகப் பார்த்தான். அவன் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. “இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லய்யா. இது நடந்திருக்கணும். ஏன் நடக்கல?” என்றான். நீங்கள் கேட்டதையே அவனும் கேட்டான். கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லி மாதிரியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அதற்கு முகமில்லை.

நெரேயோ


மெல்போர்ன்,
11 ஜனவரி 1984

நெரேயோவுக்கு,

நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கும் எழுதவில்லை. நீவெஸ் கேட்டாள், தபால் வேலைநிறுத்தம் என்று சொல்லி வைத்தேன். எனக்கு உடம்பு நலம். உன் உடம்பைப் பற்றி விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று எனக்கே தெரிய நாளானது. கணக்குக்காக இல்லை. சண்டைக்காலம், நீ சின்னவன், பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு வேலை செய்தாய். யாருக்கும் தவறும். ஆனால் அந்தக் கரி மூட்டை. அந்தக் குளிர்காலம் முழுக்க நீ கொண்டுவந்த கரியில்தான் என் பிள்ளை உயிரோடு இருந்தாள். எனக்கு இந்த ஊரில் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்து நினைத்துக் குளிர் காய்ந்தேன். 1955-இல் கப்பலேறின பிறகு விடாமல் உன் கடிதம். பாசம் என்று நினைத்தேன். எல்லாம் பிராயச்சித்தமா? எது எது? நான் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் உன் உருளைகள் நிற்கின்றன.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த ஆறு வாரத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தாய். அதற்குப் பிறகு வரவில்லை. “நான் ஊருக்கு வந்தா இவன் வீட்டுக்கு வர மாட்டேங்கிறானே, என்ன கோபம் இவனுக்கு?” என்று புரூனோ கேட்டான். ஆபீஸில் வேலை என்று நான்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். நான் குருடி இல்லை. உனக்கும் தெரியும்.

அதனால் கேட்கிறேன். அந்த முந்நூற்றுப் பத்து டன் உன் கையிலிருந்து தவறியதா, நீ விட்டாயா?

இதற்கு மட்டும் எழுது.

ஒந்தீனா


திரியெஸ்தே,
2 பிப்ரவரி 1984

ஒந்தீனா,

வேண்டுமென்று விடவில்லை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பாதிதான்.

எடைக் கணக்கை நாங்கள் இரண்டு தரம் எழுதுவோம். முதல் நாள் மேல்தளத்தில் தொடங்கி, படத்தைப் பார்த்து ஒவ்வொரு பொருளாக எழுதிக்கொண்டே அடித்தட்டு வரை இறங்குவோம். மறுநாள் புதுத் தாளில் அடித்தட்டிலிருந்து மேலே ஏறுவோம். இறங்கும்போது கண் எதையாவது தாண்டிப் போய்விடும். ஏறும்போது அது காலில் இடறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த உருளைகள் அடித்தட்டின் மேல்தான் நிற்கின்றன. ஏறியிருந்தால் முதல் வரியிலேயே தட்டுப்பட்டிருக்கும்.

நான் ஏறவில்லை. நாற்பது வருஷ வேலையில் அந்த ஒரு கப்பலுக்குத்தான் நான் ஏறவில்லை.

இறங்கி முடித்துக் கூட்டியதும் முடியாது என்று வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. முடியும் என்றால் பதினெட்டு மாதம் அவன் வீட்டில் இருப்பான். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் உங்களுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டும். அவன் சாக வேண்டும் என்று ஒரு நொடிகூட நான் நினைத்ததில்லை. அவன் கடலில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிடித்த விடை வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பிராயச்சித்தமா என்று கேட்டீர்கள். கரி மூட்டை பிராயச்சித்தம்தான். கடிதங்கள் அப்படி இல்லை. உங்கள் பதில் வரும் நாளுக்காகத்தான் மற்ற நாட்களெல்லாம் எனக்குக் கழிந்தன. எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நெரேயோ


மெல்போர்ன்,
16 மார்ச் 1984

தம்பி நெரேயோவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். சமையலறைக்குப் போய் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். சித்தப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று நீவெஸ் கேட்டாள். நலமாம் என்றேன். அவளிடம் எதையும் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே.

நேற்று முன்தினம் புரூனோவின் நினைவு நாளுக்குப் பூசை வைத்தேன். பாதிரியார் எப்போதும் போல் கடல் கொண்டவர்களுக்காக என்று சொன்னார். நான் அவன் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் நினைத்தேன். எதற்கு என்று கேட்காதே. வேண்டுதலா, சாபமா என்று எனக்கே தெரியவில்லை. உன்னை மன்னிக்க என்னால் முடியாது, நெரேயோ. அது என்னிடம் இல்லை. புரூனோவிடம் இருக்கிறது, அவன் எழுத மாட்டான்.

இனி என்னை அண்ணி என்றே எழுது. வேறு எப்படியும் எழுதாதே.

ஆனால் எழுது. கப்பல் வேண்டாம். என்ன சமைத்தாய், துல்லியோ யாரைக் கடித்தான், காற்று அடித்ததா என்று எழுது. போன வாரம் புரூனோவின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. சிரிப்பு வருகிறது, படத்தில் இருப்பதால். குரல் வரவில்லை. கப்பல் மூழ்கியபோது நீவெஸ் என் வயிற்றில் ஆறு மாதம், அவளைக் கேட்டுப் பயனில்லை. மாமனார், மாமியார், அவன் சேக்காளிகள் எல்லோரும் போய்விட்டார்கள். அவன் பேசிக் கேட்டவர்களில் உன்னையும் என்னையும் தவிர எனக்குத் தெரிந்து யாரும் மிச்சமில்லை.

அடுத்த கடிதத்தில் அவன் உன்னிடம் எப்படிப் பேசுவான் என்று எழுது. அவன் சொன்ன மாதிரியே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒந்தீனா